ஒரே குட்டை, ஒரே வலை: மீன்களின் இரத்தச் சர்க்கரை மட்டும் ஏன் மாறுகிறது?

மேலூருக்குப் பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டிருந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் வீட்டில் சுகர் பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. அன்று விடியற்காலையில் மீன் பிடித்தபோது, பார்த்துத்தான் ஆகட்டுமே என்று மீனின் இரத்தத்தையும் அதில் ஒரு சொட்டு வைத்திருக்கிறார். வலையிலிருந்து முதலில் எடுத்த ரோகுவுக்கு 61 காட்டியிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து அதே வலையிலிருந்து எடுத்த இன்னொரு ரோகுவுக்கு 148. நடுவில் எடுத்த ஒரு ஜிலேபி மீனுக்கு 90-ஐத் தாண்டியிருக்கிறது. மீனுக்கும் சர்க்கரை நோய் வருமா, தாம் போடும் தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் காரணமா, இல்லையென்றால் எதனால் இவ்வளவு வித்தியாசம், இந்த மீனை அப்பா சாப்பிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். மதுரையில் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மீன் இரத்தத்தோடு சில காலம் மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, உங்களுடைய இரண்டு ரோகுகளும் ஒரே குட்டையில், ஒரே தீவனத்தைத் தின்று வளர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். தீவனம்தான் காரணம் என்றால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நிச்சயமாக வேறுபட்டது ஒன்றுதான்: முதல் மீன் வலையில் சில நிமிடங்கள் இருந்தது, இரண்டாவது மீன் அரை மணி நேரம் இருந்தது. மீனின் இரத்தச் சர்க்கரையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் 'இது என்ன தின்றது' என்று கேட்பதற்கு முன்னால், 'கடந்த சில மணி நேரத்தில் இதற்கு என்ன நேர்ந்தது' என்று கேட்க வேண்டும். மற்ற காரணங்கள் எல்லாம் உண்மையே. ஆனால் அவை இதற்கு அடுத்த வரிசையில்தான் நிற்கின்றன.

முதலில் அளவைப் பற்றி. உடல்நலமுள்ள மனிதருக்கு வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். மீண்டும் மீண்டும் பார்த்தும் 126-ஓ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவர் சர்க்கரை நோய் என்பார். இந்தக் கோட்டை மீனுக்குப் பொருத்த முடியாது. நன்னீர் மீன்கள் பலவற்றில் அமைதியான நிலையில் 40-லிருந்து 100 வரை எந்த எண்ணும் வரலாம். இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் மாறலாம். நம் மூளை குளுக்கோஸையே பெரிதும் நம்பி வாழ்வதால், நம் உடல் அந்த அளவைக் குறுகிய வரம்புக்குள் விடாப்பிடியாகக் காக்கிறது. மீனுக்கு அத்தனை கெடுபிடி இல்லை. அதன் உடல் வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைப் புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்கிறது.

இனத்தின் சுபாவமும் இந்த அடிப்படை அளவைத் தீர்மானிக்கிறது. ஓயாமல் நீந்தித் திரியும் கானாங்கெளுத்தி போன்ற கடல் மீன்களில் இரத்தச் சர்க்கரை கூடுதலாகவும், அடிமண்ணில் படுத்தே காலம் கழிக்கும் மீன்களில் மிகக் குறைவாகவும் இருப்பதை 1930-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே ரோகுவின் எண்ணையும் ஜிலேபியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று பார்ப்பதில் பயனில்லை. ரோகுவை ரோகுவோடும் ஜிலேபியை ஜிலேபியோடும்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம். உங்கள் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்று வட்டாரத்துச் சனம் முழுவதும் ஊத்தாவும் வலையுமாகத் தண்ணீருக்குள் பாய்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர், கலங்கிய சேறு, நாலாபக்கமும் கால்கள். அந்தக் கண்மாயில் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மீனின் உடலுக்குள் நடப்பதுதான் உங்கள் வலைக்குள்ளும் சிறிய அளவில் நடந்தது.

ஆபத்தை உணர்ந்ததும் மீனின் உடல் இரண்டு கட்டமாகப் பதில் சொல்கிறது. முதலில் அட்ரினலினும் அதன் உறவுச் சுரப்பான நார் அட்ரினலினும் நொடிக் கணக்கில் இரத்தத்தில் கலக்கின்றன. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை வெளியே பாயும் கணத்தில் களத்தில் நிற்பவரின் உடலில் சுரப்பதும் இதே அட்ரினலின்தான். நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் சுரப்பி தனியாக இருக்கிறது. எலும்பு மீன்களுக்கு அப்படித் தனி உறுப்பு இல்லை, செவுளுக்குப் பின்னால் இருக்கும் தலைச் சிறுநீரகம் என்ற பகுதியில் அந்தச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் அட்ரினலின் கல்லீரலுக்குப் போய், அங்கே கிளைக்கோஜன் என்ற வடிவில் கட்டி வைத்திருக்கும் சர்க்கரையை உடைத்து இரத்தத்தில் விடச் செய்கிறது. தப்பி ஓடுவதற்கான எரிபொருள் அது.

இரண்டாவது கட்டம் மெதுவானது. மூளையின் அடிப்பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அதே தலைச் சிறுநீரகத்தைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் சுரக்கிறது. இந்தச் சங்கிலி முழுவதும் ஓடி முடியச் சில நிமிடங்கள் ஆகும்; கார்ட்டிசால் உச்சத்துக்குப் போக அரை மணி, ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதன் வேலை, புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களைப் போன்ற பிற பொருள்களிலிருந்து புதிதாகச் சர்க்கரை செய்யும்படி கல்லீரலை நடத்துவது. இதனால்தான் ஒருமுறை வலைக்குள் மாட்டிய மீனின் சர்க்கரை வலையை விட்டு வெளியேறிய பிறகும் ஏறிக்கொண்டே போய், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து உச்சத்தைத் தொட்டு, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நாள்கூட எடுத்துக்கொள்கிறது. காலையில் அடைத்து வைத்த மீனை மாலையில் அமைதியாக எடுத்து அளந்தேன், ஆகவே அது அமைதியான மீனின் அளவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு; ஆய்வு செய்கிறவர்களே பல நேரம் இதில் வழுக்கி விழுகிறார்கள். சர்க்கரை ஏறியிருந்தால் மீன் பதற்றத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் சரி. ஆனால் சர்க்கரை குறைவாக இருந்தால் மீன் நலமாக இருக்கிறது என்று அதைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கூடாது. கல்லீரலில் இருப்பு இருந்தால்தான் எடுத்துவிட முடியும். பல வாரம் பட்டினி கிடந்த மீனோ, நெரிசலிலும் கெட்ட நீரிலும் நெடுநாள் கிடந்து இருப்பையெல்லாம் கரைத்துவிட்ட மீனோ எவ்வளவு பதறினாலும் இரத்தத்தில் எண் பெரிதாக ஏறாது. காலியான உண்டியலைக் குலுக்கினால் சத்தம் வராதது போலத்தான். எனவே 61 வந்த உங்கள் முதல் ரோகுவை நான் நலமான மீன் என்று சொல்வது, அது வலையில் விழுந்து சில நிமிடங்களில் எடுக்கப்பட்டது என்று நீங்கள் குறித்திருப்பதாலும், குட்டையில் மீன்கள் நன்றாகத் தீவனம் எடுப்பதாகச் சொல்லியிருப்பதாலும்தான்.

நீங்கள் மீன் பிடித்த நேரமும் கவனிக்க வேண்டியது. பகலில் தண்ணீரில் இருக்கும் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் தருகிறது. இரவில் பாசியும் மீனும் அடிச்சேற்றில் மக்கும் புண்ணாக்கும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே பண்ணைக்குட்டையில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியற்காலையில்தான். அதிலும் மதுரைப் பக்கத்துக் கோடையில் நீரின் வெப்பம் 30 டிகிரி இருக்கும்போது, முழுக்க நிறைந்தாலும் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 20 டிகிரி நீரில் ஒன்பது மில்லிகிராம் கரையும். வெப்பம் கூடக் கூட நீரில் மூச்சு குறைகிறது; மீனின் உடல் கேட்கும் மூச்சோ கூடுகிறது, ஏனென்றால் அதன் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது; பத்து டிகிரி ஏறினால் உடலின் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் எந்த மீனைப் பிடித்தாலும், வலை படுவதற்கு முன்பே அதன் சர்க்கரை ஏறியிருக்க வாய்ப்புண்டு.

ஆக்சிஜன் குறையும்போது சர்க்கரை ஏறுவதற்குப் பதற்றம் மட்டும் காரணம் இல்லை. கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். சர்க்கரையை மட்டுமே ஆக்சிஜன் இல்லாமலும் ஓரளவு உடைத்துச் சக்தி எடுக்க முடியும். அதனால் மூச்சு முட்டும் மீன் தன் கல்லீரலிலிருந்து சர்க்கரையைத் திறந்துவிடுகிறது. இந்த வித்தையில் உலகத்தையே மிஞ்சியவை பொன்மீனும் அதன் உறவான ஐரோப்பியக் குருசியன் கெண்டையும். பனி மூடிய குளத்தில் ஆக்சிஜனே இல்லாமல் வாரக்கணக்கில் வாழ்வதற்காகக் குருசியன் கெண்டை தன் கல்லீரலை ஒரு சர்க்கரைக் கிட்டங்கியாகவே மாற்றிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையை உடைப்பதில் மிஞ்சும் கழிவை எத்தில் ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அதன் உடம்புக்குள்ளேயே ஒரு சாராய ஊறல் நடக்கிறது என்று வகுப்பில் சொன்னால் கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

நம் பக்கத்து விரால், தேளி, அயிரை போன்றவை வேறு வழியில் தப்பிக்கின்றன. அவை வாயால் வெளிக்காற்றையே எடுத்துக்கொள்ளக் கூடியவை. அயிரை காற்றை விழுங்கிக் குடலிலேயே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால்தான், அதைச் சட்டியில் கொஞ்சம் தண்ணீரில் துள்ளத் துள்ள உயிரோடு வைத்து விற்க முடிகிறது. விராலுக்கு நீரில் ஆக்சிஜன் குறைவது பெரிய தொந்தரவில்லை. மேலே வர முடியாமல் வலை அமுக்குவதே பெருந்தொந்தரவு. மேலே வருவதற்கும் ஒரு செலவு உண்டு. 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் விராலை வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் வளர்த்து, ஆழம் கூடக் கூட மூச்சுக்காக மேலே வந்து போவதிலேயே அது தின்றதன் பெரும்பகுதியைச் செலவழித்து வளர்ச்சியில் பின்தங்குவதைக் காட்டினார்கள். அவர்கள் அளந்தது சர்க்கரையை அன்று, சக்திக் கணக்கை. ஆனாலும் குட்டையின் ஆழமும் மீனின் இனமும் பொருந்தாவிட்டால் இருப்பு எங்கே கரைகிறது என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் எனக்குத் தெரிந்து நம் ஊரில் இல்லை.

சரி, தீவனத்துக்கு வருவோம். நீங்கள் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான்; அந்தச் சந்தேகத்தில் அர்த்தமில்லாமல் இல்லை. இயற்கையில் மீன்களுக்கு மாவுச்சத்து அதிகம் கிடைப்பதில்லை. பூச்சி, புழு, சிறு மீன், மிதவை உயிர் ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் புரதமும் கொழுப்பும். அதனால் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன், அதிலும் பிற உயிர்களைத் தின்று வாழும் மீன்களில், மிகவும் குறைவு. டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குக் குளுக்கோஸை ஒரே தவணையில் கொடுத்தால் அதன் இரத்தச் சர்க்கரை ஏறி, ஒரு நாள் கடந்தும் இறங்காமல் நிற்கும். நலமுள்ள மனிதருக்கு அதே சோதனையில் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். மருத்துவமனையில் அந்த டிரவுட்டைச் சேர்த்தால் முற்றிய சர்க்கரை நோயாளி என்றே எழுதிக் கொடுப்பார்கள். அதுவோ நலமாக நீந்திக்கொண்டிருக்கும்.

மீனுக்கு இன்சுலின் இல்லை என்று சிலர் நினைப்பது தவறு. இன்சுலின் கண்டுபிடிப்பின் கதையிலேயே மீனுக்கு ஓர் இடம் உண்டு. 1921-22-இல் டொரண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட உடனேயே, அந்த ஆய்வகத்தின் தலைவர் ஜே. ஜே. ஆர். மக்லியாட் 1922 கோடையில் கனடாவின் கடற்கரைக்குப் போய்ச் சில கடல் மீன்களிலிருந்து இன்சுலின் எடுத்தார். பாலூட்டிகளில் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. செரிமானச் சாறு சுரக்கும் பகுதியிலிருந்து அவற்றைப் பிரிப்பது அன்று பெரும்பாடாக இருந்தது. சில எலும்பு மீன்களிலோ அந்தத் திட்டுகள் தனி உருண்டையாகவே ஒதுங்கி நிற்கின்றன. உங்கள் குட்டையில் வளரும் ஜிலேபியும் அப்படிப்பட்ட மீன்தான். இன்சுலின் சுரப்பது இந்தத் திட்டிலிருந்துதான் என்பதை மீன் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிக்கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1923-இல், இன்சுலினைப் பிரித்தெடுத்த குழுவின் பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலின் இருந்தும் மீன் ஏன் திணறுகிறது? காரணம் ஒன்று மட்டும் இல்லை. பல மீன்களில் இன்சுலின் சுரப்பைச் சர்க்கரையைவிட ஆர்ஜினின், லைசின் போன்ற அமினோ அமிலங்களே நன்றாகத் தூண்டுகின்றன; புரதம் தின்று வாழும் உயிருக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். மீனின் உடலில் பாதிக்கு மேல் தசை; அந்தத் தசையோ இன்சுலின் சொன்னாலும் சர்க்கரையை அவ்வளவாக உள்ளே இழுத்துக்கொள்வதில்லை. இதைவிட விசித்திரம் கல்லீரலின் போக்கு. சாப்பாட்டிலிருந்து சர்க்கரை வந்து நிறைந்துவிட்டால் நம் கல்லீரல் தன் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும்; டிரவுட்டின் கல்லீரல் அதைச் சரியாகக் குறைப்பதில்லை, வாசலில் மூட்டை வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஆலையையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. குடலிலிருந்து சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற சுரப்பு மனிதரில் சர்க்கரையைக் குறைக்கும்; இன்று விலை உயர்ந்த சர்க்கரை நோய் ஊசிகள் சில அதைப் பின்பற்றித்தான் செய்யப்படுகின்றன. மீனின் கல்லீரலில் அதே சுரப்பு நேர்மாறாக, சர்க்கரையை வெளியே விடும்படி தூண்டுகிறது. எலியில் கண்டதை மீனுக்கும் மீனில் கண்டதை மனிதருக்கும் அப்படியே மாற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவை டிரவுட் இல்லை. தாவர உணவுக்கும் பழகிய கெண்டை இனத்தவை. அவற்றின் குடல் நீளமானது; மாவை உடைக்கும் அமைலேஸ் நொதி அதில் தாராளம்; தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மாவுச்சத்து இருந்தாலும் தாங்கும். விராலுக்கு அந்த அளவு ஆகாது. ஆனால் மாவின் அளவோடு மாவின் பக்குவத்தையும் பார்க்க வேண்டும். பச்சைத் தவிட்டில் இருக்கும் மாவு மெல்லத்தான் செரிக்கும். சோற்றுக் கஞ்சியிலும் ஆலையில் ஆவியில் வேகவைத்துப் பொரித்தெடுக்கும் மிதவைத் தீவனத்திலும் மாவு ஏற்கெனவே வெந்து குழைந்திருப்பதால், அது விரைவாகச் செரித்து விரைவாக இரத்தத்துக்கு வரும். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைக் கண்மாயில் கொட்டுவதைத் தானம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதன் முதல் விளைவு மீனின் சர்க்கரையிலும், இரண்டாவது விளைவு மறுநாள் காலை நீரின் ஆக்சிஜனிலும் தெரியும். இரண்டாவதுதான் மீனைக் கொல்வது.

தின்ற பிறகு ஏறும் சர்க்கரை கெண்டை மீன்களில் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நீங்கள் விடியற்காலையில், அன்றைய தீவனம் போடுவதற்கு முன் பிடித்திருக்கிறீர்கள். முந்தின நாள் மாலைத் தீவனத்தின் பாதிப்பு அந்த நேரத்தில் பெரிதாக இருந்திருக்காது. தவிட்டையும் புண்ணாக்கையும் நான் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் மீனுக்கு உண்மையான சர்க்கரை நோய் வருவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தின்னக் கொடுத்து வளர்த்த கெண்டைகளில், முதுகுச் சதை கரைந்து கத்தி போல் மெலிந்துபோகும் செகோகே என்ற நோயைக் கண்டார்கள். அத்தகைய மீன்களில் சர்க்கரை நோயின் அடையாளங்கள் எல்லாம் இருந்தன. அதற்குக் காரணம் மாவு இல்லை. அந்தக் கூட்டுப்புழுவின் எண்ணெய் காறிப்போனதுதான். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், புண்ணாக்கை மூட்டை மூட்டையாக வாங்கித் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் வைக்கும் பழக்கம் நம் பக்கம் பரவலாக இருப்பதே. மேலூர் வெயிலில் தகரத்துக்கு அடியில் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், பூசணமும் பிடிக்கும். மோந்து பார்த்துக் காறல் வாடை அடித்தால் குட்டையில் போடாதீர்கள்.

சர்க்கரை கூடியே இருந்தும் நோயில்லாமல் வாழும் மீனும் உண்டு. மெக்சிகோவின் இருட்டுக் குகைகளில் வாழும் கண்ணில்லாத மீன், இன்சுலின் ஏற்பியிலேயே ஒரு மரபுப் பிழையைச் சுமந்துகொண்டு, ஆற்றில் வாழும் தன் உறவினங்களைவிடக் கூடுதலான சர்க்கரையோடு வாழ்கிறது என்று 2018-இல் கண்டறிந்தார்கள். அதனால் அதன் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. எப்போதோ ஒருமுறை கிடைக்கும் உணவைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துப் பட்டினிக் காலத்தைக் கடத்துவதற்கு அந்தப் பிழையே உதவுகிறது போலும். பட்டினியில் மற்ற மீன்களும் நம்மைப்போல் தளர்வதில்லை. வாரக்கணக்கில் தீவனம் இல்லாவிட்டாலும் பல மீன்கள் தசைப் புரதத்திலிருந்து சர்க்கரையைச் செய்து, இரத்தத்தில் அளவைப் பெரிதும் குறையாமல் வைத்துக்கொள்ளும்.

நீரில் கலந்திருப்பவையும் சர்க்கரையை அசைக்கும். தீவனமும் கழிவும் மிகுந்த குட்டையில் அம்மோனியா சேரும். பகல் வெயிலில் பாசியால் நீரின் காரத்தன்மை ஏறும்போது அந்த அம்மோனியாவின் நஞ்சான பங்கு கூடும். வயலுக்கு அடித்த பூச்சிமருந்து மழையில் வழிந்து கண்மாய்க்கு வந்தால், மீனின் சர்க்கரை முதலில் ஏறும். நஞ்சு நீடித்தால் கல்லீரலின் இருப்பு தீர்ந்து பின்னால் இறங்கும். நம் நாட்டு ஆய்வகங்களில் மீனையும் பூச்சிமருந்தையும் வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அவை பதிவு செய்திருக்கின்றன. உப்பின் அளவு சட்டென்று மாறினாலும் செவுளின் வேலை கூடிச் சர்க்கரைச் செலவும் கூடும். குஞ்சுகளை வைகை அணைப் பக்கத்திலிருந்து பையில் அடைத்துக் கொண்டுவரும்போது ஒரு நாள் முன்பே தீவனத்தை நிறுத்துவதும், நீரில் கொஞ்சம் கல்லுப்புச் சேர்ப்பதும் இந்தச் செலவுகளைக் குறைக்கத்தான். சினைப் பருவம், வயது, பால், பகல் இரவு என்ற மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்கள் 61-க்கும் 148-க்கும் உள்ள இடைவெளியை அவை விளக்கா.

காரணங்களில் மிக விநோதமான ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மன்னார் வளைகுடா உள்பட வெப்பக் கடல்களில் வாழும் கூம்பு நத்தைகளில் மீன் பிடித்துத் தின்பவை சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, மீனின் இன்சுலினைப் போலவே இருக்கும் ஓர் இன்சுலினைத் தன் நஞ்சில் கலந்து வைத்திருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சால் மீனின் சர்க்கரை சடாரென்று விழுந்து, அது மயங்கி நீந்த முடியாமல் நிற்கும்போது நத்தை ஆற அமர விழுங்குகிறது. சர்க்கரை குறைவதைப் பொறுத்துக்கொள்ளும் மீனுக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்பதற்கு அந்த நத்தையே சாட்சி.

கடைசியாக, அளக்கும் முறை. கருவியின் பட்டை மனித இரத்தத்துக்காகச் செய்யப்பட்டது; மீனின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு வேறு, வெப்பம் வேறு. ஆகவே அது காட்டும் எண்ணை உண்மையான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கருவியில், ஒரே இனத்தில், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பார்ப்பதும் ஆகாது. மீனின் சிவப்பணுவுக்கு நம்முடையதைப் போல் இல்லாமல் உட்கரு உண்டு. குழாயில் இருக்கும்போதும் அது உயிர்ச்செல்லாகச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலையில் எடுத்த மாதிரிகளை மேசைமேல் வைத்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்து வந்து அளந்து, எல்லா மீனுக்கும் சர்க்கரை மிகக் குறைவு என்று நான் நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு மாத உழைப்பு அப்படிப் போனது. உடனே அளக்க முடியாவிட்டால், ஆய்வகங்களில் சர்க்கரைக்கென்று வைத்திருக்கும் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்துப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். அயிரை போன்ற விரல் நீளம்கூட இல்லாத மீன்களில் பலவற்றின் இரத்தத்தைச் சேர்த்துத்தான் அளக்க முடியும்.

அடுத்த முறை ஒரு வீச்சு வலையில் ஒரே வீச்சுக்கு விழுந்த மீன்களில் முதல் இரண்டை மட்டும் எடுத்து, மூன்று நிமிடத்துக்குள் வால் பக்கத்து இரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். மற்றவற்றை விட்டுவிட்டு, மாலை நாலு மணிக்கு, ஆக்சிஜன் நிறைந்திருக்கும் நேரத்தில், குட்டையின் வேறு மூலையில் புதிதாக வலை வீசி இன்னும் இரண்டைப் பாருங்கள். வலை விழுந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம், நீரின் வெப்பம், கடைசியாகத் தீவனம் போட்ட நேரம் ஆகிய நான்கையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மயக்குவதற்குக் கிராம்பு எண்ணெய் பயன்படுத்தினால் அதையும் எழுத வேண்டும், அதுவும் எண்ணை மாற்றும். விடியற்காலை எண்கள் தொடர்ந்து மாலை எண்களைவிடக் கூடுதலாக இருந்தால், நீங்கள் வாங்க வேண்டியது வேறு தீவனம் இல்லை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஓர் ஏரேட்டர்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ மீனில் இருக்கும் இரத்தம் 30 முதல் 50 மில்லிலிட்டர். அதில் 148 என்ற உங்கள் அளவையே உண்மை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும், மொத்தச் சர்க்கரை 75 மில்லிகிராமைத் தொடாது. காப்பியில் போடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையோ நாலு கிராமுக்கு மேல். அந்த இரத்தமும் அரிந்து கழுவும்போது போய்விடுகிறது. மீன் சதையில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம், ஜிலேபி என்ற பெயர் இருந்தாலும் அந்த மீனில் இனிப்பு இல்லை. அப்பா மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் கூட ஒரு கரண்டி சோறு இறங்குமே, அளந்து போட வேண்டியது அதைத்தான்.